தாடையை அறுக்காமல் எதிர்க்கடியைத் திருத்துவது: வயது வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கீழ்வரிசைப் பற்கள் மேல்வரிசைக்கு வெளியே நின்று கடிப்பதை எங்கள் காவிரிக் கரை ஊர்களில் ‘தாடை முன்னுக்கு நிக்குது’ என்பார்கள். பல் சீரமைப்பு மருத்துவத்தில் இதற்கு மூன்றாம் வகைக் கடி என்று பெயர். கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் விதத்தை வைத்து எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்க மருத்துவர் 1899-இல் செய்த பிரிவினை இன்றும் வழக்கில் இருக்கிறது. இங்கே நான் இதை எதிர்க்கடி என்றே எழுதுகிறேன். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடைப்பட்ட ஊர்களிலிருந்து இதற்காக என்னிடம் வருகிற பெரியவர்கள் உட்கார்ந்தவுடன் கேட்பது, “தாடையை அறுக்காமல் சரிசெய்ய முடியுமா, டாக்டர்?” என்பதுதான். பலருக்கு முடியும். ஆனால் எது மாறும், எது மாறாது என்பதை முதல் கம்பி ஏறுவதற்கு முன்பே அவர்கள் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் தொடங்கி, இரண்டு ஆண்டு கழித்துக் கண்ணாடியைப் பார்த்து வருந்தியவர்களைச் சந்தித்திருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வளர்ச்சி முடிந்தவருக்கு அறுவை இல்லாத சிகிச்சை நகர்த்துவது பற்களைத்தானே தவிரத் தாடை எலும்பை அல்ல. பத்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு நெற்றியிலும் முகவாயிலும் தாங்கி நிற்கும் முகக் கருவியை மாட்டி மேல்தாடையையே முன்னுக்கு இழுக்க முடியும். எலும்புப் பொருத்துகள் இறுகிவிட்ட இருபத்தைந்து வயதுக்காரருக்கு அந்த வழி கிடையாது. அவருக்கு நாங்கள் செய்வது மேல் முன்பற்களைச் சற்று வெளியே சாய்ப்பதும், கீழ் முன்பற்களைச் சற்று உள்ளே கொண்டுவருவதும், கடைவாய்ப் பற்களை அதற்கேற்பப் பொருத்துவதும்தான். எலும்பின் ஏற்றத்தாழ்வைப் பற்களால் ஈடுகட்டுகிற இந்த முறையை மறைப்புச் சிகிச்சை என்போம். மறைப்பு என்றால் ஏமாற்று என்று பொருளல்ல. ஒழுங்காகச் செய்தால் கடிக்கவும் மெல்லவும் முடியும், சிரித்தால் மேல்பற்கள் தெரியும், முன்பற்கள் தேய்வது நிற்கும். முகவாய் எலும்பின் நீளம் மட்டும் அப்படியேதான் இருக்கும்.

கண்ணாடி முன் செய்து பார்க்க வேண்டியவை

மருத்துவரிடம் போவதற்கு முன் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, தாடையைத் தளர்த்தி, நாக்கின் நுனியை அண்ணத்தில் முடிந்தவரை பின்னால் கொண்டுபோய் வைத்தபடி, மெதுவாக வாயை மூடுங்கள். மேல் முன்பல்லும் கீழ் முன்பல்லும் விளிம்போடு விளிம்பு முட்டி, அதன் பிறகு முழுவதுமாகக் கடிப்பதற்காகத் தாடை முன்னால் வழுக்குகிறதா என்று கவனியுங்கள். அப்படி வழுக்கினால் உங்கள் எதிர்க்கடியில் ஒரு பகுதி தாடையின் நீளத்தால் வந்ததல்ல. முன்பற்கள் தவறாக முட்டுவதால் தாடை பழகிக்கொண்ட நகர்வு அது. இத்தகையவர்களுக்கு அறுவை இல்லாமல் நல்ல பலன் கிடைக்கும் வாய்ப்பு மிக அதிகம். எவ்வளவு பின்னால் தள்ளி மூடினாலும் கீழ்ப்பல் மேல்பல்லுக்கு அரை விரல் முன்னால்தான் நிற்கிறது என்றால், கோளாறு பெரும்பாலும் எலும்பில் இருக்கிறது.

அடுத்து, உதடுகளைத் தளர்வாக வைத்துக்கொண்டு பக்கவாட்டில் ஒரு புகைப்படம் எடுக்கச் சொல்லுங்கள். மூக்குக்கு இருபுறமும் கன்னம் தட்டையாக இருக்கிறதா, முகவாய் நீண்டிருக்கிறதா, இரண்டுமா என்று பாருங்கள். ‘கீழ்த்தாடை நீளம்’ என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் கணிசமானவர்களுக்கு உண்மையில் மேல்தாடைதான் பின்தங்கியிருக்கும். பிறகு நேராக நின்று முகவாயின் நடுப்புள்ளி மூக்கின் நேர்கோட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பக்கமாக நன்றாக விலகியிருந்தால் மறைப்புச் சிகிச்சையால் அதைத் திருத்த முடியாது.

அப்பா, அத்தை, பெரியப்பா யாருக்காவது இதே அமைப்பு உண்டா என்பதையும் விசாரித்து வையுங்கள். எதிர்க்கடி குடும்பவழியாக வருவது மிகச் சாதாரணம். இத்துடன் இன்னொன்றும் உண்டு. முப்பது வயதுக்கு மேல் ஒருவருக்குத் தாடை புதிதாக முன்னால் வளர்வதாகத் தோன்றினால், மோதிரமும் செருப்பும் இறுகிக்கொண்டே போனால், அவர் முதலில் பார்க்க வேண்டியது பொது மருத்துவரை. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வந்து வளர்ச்சி ஹார்மோன் மிகுந்தால் இப்படி நேரும். அதைக் கவனிக்காமல் கம்பி கட்டுவது பெரிய தவறு.

யாரிடம் போவது

பல் மருத்துவப் பட்டப்படிப்பு பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்தாண்டு. அதற்கு மேல் பல் சீரமைப்பில் முதுகலைப் பட்டம் மூன்றாண்டு. வயது வந்தவரின் எதிர்க்கடியை அந்த முதுகலைப் பட்டம் பெற்றவரே கையாள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கோணல் பல்லை நேராக்குவது வேறு, தாடைகளின் உறவைக் கணித்துப் பற்களை ஈடுகட்ட வைப்பது வேறு. மருத்துவரின் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவையும் பட்டத்தையும் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். செலவைக் குறைக்க விரும்புகிறவர்கள் கல்லூரி மருத்துவமனைகளைப் பார்க்கலாம். டெல்டாவின் வடக்கு ஓரத்தில் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னையில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே முதுகலை மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் சிகிச்சை செய்வார்கள். காத்திருப்பு கூடுதல், செலவு குறைவு.

முதல் சந்திப்பில் வாயைப் பார்த்துவிட்டு அன்றைக்கே கம்பி கட்டத் தயாராகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பற்களின் அச்சு அல்லது ஸ்கேன், முகப் புகைப்படங்கள், வாய் முழுவதும் தெரியும் ஓபிஜி எக்ஸ்ரே, பக்கவாட்டில் தலையை எடுக்கும் செஃபலோகிராம் எக்ஸ்ரே ஆகிய நான்கும் இல்லாமல் எதிர்க்கடிக்குத் திட்டம் போட முடியாது.

செஃபலோகிராமில் நாங்கள் பார்ப்பதை நீங்களும் புரிந்துகொள்ளலாம். மூக்கு நெற்றியோடு சேரும் எலும்புப் புள்ளியிலிருந்து மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் கோடுகள் இழுத்து, அவற்றுக்கு இடையிலான கோணத்தை அளப்போம். ஏஎன்பி கோணம் என்று அறிக்கையில் எழுதியிருக்கும். சராசரி முகத்தில் அது 2 டிகிரியை ஒட்டி இருக்கும். எதிர்க்கடியில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். மைனஸ் 1, மைனஸ் 2 என்றால் மறைப்புச் சிகிச்சைக்கு இடமுண்டு; மைனஸ் 4-ஐத் தாண்டினால் அறுவையைப் பற்றிப் பேச வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம் என்று பொருள். இது மட்டும் போதாது. இரு தாடைகளின் உறவைக் கடிக்கும் தளத்தின் மீது வைத்து அளக்கும் விட்ஸ் அளவும், பற்கள் ஏற்கெனவே எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்பதும் சேர்ந்துதான் முடிவைத் தரும்.

இந்தச் சாய்வை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எலும்பில் ஏற்றத்தாழ்வு இருக்கும்போது, சிறு வயதிலிருந்தே நாக்கும் உதடும் பற்களைத் தள்ளித் தள்ளி இயற்கையாகவே ஓரளவு ஈடுகட்டியிருக்கும். கீழ் முன்பற்கள் கீழ்த்தாடையின் அடித்தளத்தோடு ஏறத்தாழ 90 டிகிரியில் நிற்பது வழக்கம். அவை ஏற்கெனவே 82 டிகிரிக்கு உள்ளே சாய்ந்திருக்குமானால், இன்னும் சாய்ப்பதற்கு எலும்பு அதிகம் மிச்சமில்லை. வரப்பைத் தாண்டி நாற்று நட முடியாது. பல்லின் வேருக்கு அதைச் சுற்றியுள்ள எலும்புதான் வரப்பு. அதைத் தாண்டித் தள்ளினால் ஈறு இறங்கும், வேர் வெளியே தெரியும், பல் ஆடும். கீழ் முன்பற்களுக்கு 80 டிகிரியையும், மேல் முன்பற்களுக்கு மண்டையோட்டு அடிக்கோட்டோடு 120 டிகிரியையும் ஒட்டிய அளவைக் கடைசி எல்லையாகக் கொள்வது வழக்கம்.

முடிவு எடுக்கும் நாள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள். மறைப்புச் சிகிச்சையும், அறுவைக்கு முன்பு செய்யும் பல் சீரமைப்பும் பற்களை நேர் எதிர்த் திசைகளில் நகர்த்துகின்றன. அறுவைக்குத் தயார்செய்யும்போது இயற்கை செய்து வைத்த ஈட்டை நீக்கி, கீழ்ப்பற்களை வெளியேயும் மேல்பற்களை உள்ளேயும் நிமிர்த்துவோம். கடி முதலில் இன்னும் மோசமாகத் தெரியும், பிறகு எலும்பை நகர்த்தும்போது பொருந்தும். மறைப்பில் இதற்கு நேர்மாறு. ஆகவே ‘முதலில் கம்பி போட்டுப் பார்க்கலாம், சரிவரவில்லை என்றால் அறுவை செய்துகொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்படித் தொடங்கினால், இரண்டு ஆண்டு நகர்த்தியதை எல்லாம் திரும்ப நகர்த்தி, மேலும் ஓர் ஆண்டுக்கு மேல் செலவிட்டு, வேர்களைத் தேய்த்துக்கொண்டு அறுவை மேசைக்குப் போக நேரும். எந்த வழி என்பதைத் தொடக்கத்திலேயே தீர்மானித்துவிட வேண்டும்.

அந்த நாளில் உங்களையே நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது: “என் முகவாய் இப்போது இருப்பதுபோலவே இருக்கும் என்றால், நான் திருப்தி அடைவேனா?” மெல்லுவதும் சிரிப்பும்தான் கவலை என்றால் மறைப்பு பொருந்தும். பக்கவாட்டுத் தோற்றம்தான் கவலை என்றால், நேர்மையான மருத்துவர் உங்களை ஒரு தாடை அறுவை நிபுணரிடமும் அனுப்பி, அவர் சொல்வதையும் கேட்டுவிட்டு வரச் சொல்வார். கீழ் முன்பற்கள் உள்ளே போகும்போது கீழுதடும் கொஞ்சம் பின்வாங்கும். அதனால் சிலருக்கு முகவாய் முன்னைவிடத் துலக்கமாகத் தெரிவதும் உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது என் வழக்கம்.

யாருக்கு நன்றாக வரும் என்பதற்கு அனுபவத்தில் சில அடையாளங்கள் உண்டு. கீழ்ப்பற்கள் மேல்பற்களை ஆழமாக மூடியிருப்பவருக்கு நன்றாக வரும். ஏனென்றால் கடியைத் திறந்துவிட்டாலே தாடை கொஞ்சம் கீழும் பின்னுமாகச் சுழன்று நமக்கு உதவுகிறது. முகம் நீண்டு, கடிக்கும்போது மேல் முன்பற்களுக்கும் கீழ் முன்பற்களுக்கும் நடுவே இடைவெளியும் இருப்பவருக்குக் கடினம். அந்தச் சுழற்சி இடைவெளியை இன்னும் பெரிதாக்கும். பதினெட்டு, பத்தொன்பது வயது ஆண்களை அவசரப்படுத்தவே கூடாது. ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு செஃபலோகிராம்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கீழ்த்தாடை வளர்வது நின்றுவிட்டதென்று உறுதியான பிறகே தொடங்க வேண்டும்.

கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. “தை மாதம் முகூர்த்தம், அதற்குள் முடியுமா?” என்று ஐப்பசியில் கேட்பார்கள். முடியாது. ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டு ஆகும். அந்த மூன்று மாதத்துக்குள் பற்களை ராவி, வேர்ச் சிகிச்சை செய்து, ஆறு எட்டுப் பற்களுக்கு உறை மாட்டி ‘சரிசெய்து’ தருவதாகச் சொல்கிறவர்களிடம் போக வேண்டாமென்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். நோயில்லாத பற்களின் எனாமல் போனது போனதுதான், திரும்ப வராது. அதைவிட, கம்பியோடு மணமேடையில் உட்காரலாம், உட்கார்ந்திருக்கிறார்கள்.

கம்பிக்கு முன்

ஈறில் ரத்தக் கசிவு இருந்தால் முதலில் அது நிற்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அறிக்கையோடு வாருங்கள். கட்டுக்குள் இல்லாத சர்க்கரையோடு பல்லை நகர்த்தினால் எலும்பு கரையும். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்கிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவற்றுள் சில பல் நகர்வையே மந்தப்படுத்தும், பல் பிடுங்கிய இடம் ஆறுவதையும் கெடுக்கும்.

வெற்றிலை பாக்குப் பழக்கம் இங்கே பலருக்கு உண்டு. கும்பகோணம் கொழுந்து வெற்றிலையின் அருமை எனக்கும் தெரியும். ஆனால் பாக்கு, புகையிலை இல்லாமலே கூடப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. நெடுநாள் மென்றவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் நார்போல இறுகி, வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்காமல் போகும். அந்த வாய்க்குள் கருவி வைத்து வேலை செய்ய இயலாது. பழக்கத்தை விட்ட பிறகே தொடங்குவோம்.

பற்கள் எப்படி நகர்கின்றன

கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் உலோக பிராக்கெட், பல்நிறப் பீங்கான் பிராக்கெட், பல்வரிசை மேல் உறைபோலக் கழற்றி மாட்டும் ஒளிபுகும் அலைனர் என்று கருவிகள் பல. இலேசான எதிர்க்கடிக்கு அலைனர் போதும். ஆனால் ஒரு நாளைக்கு 20 முதல் 22 மணி நேரம் அணிய வேண்டும், காபி குடிக்கும்போது கழற்ற வேண்டும், ஏனென்றால் சூடு பட்டால் அது வடிவம் மாறும். டிகிரி காபியை நாளுக்கு ஐந்து முறை குடிப்பவர்களுக்கு நான் அலைனரைப் பரிந்துரைப்பதில்லை. மருத்துவரே பார்க்காமல் தபாலில் வீட்டுக்கு வரும் அலைனர் எதிர்க்கடிக்கு வேண்டவே வேண்டாம்.

தொடக்கத்தில் கடைவாய்ப் பற்களின் மேல் சிமெண்ட் திட்டு வைப்போம். முன்பற்கள் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டிருக்கும் வரை மேல்பல் வெளியே வர வழியில்லை. பின்னால் சற்று உயர்த்தினால் அந்தப் பூட்டுத் திறக்கிறது. முதல் பத்து நாள் இரண்டு திட்டுகள் மட்டுமே முட்டுவதால் மெல்லவே வராது. பிறகு பழகிவிடும்.

கீழ்ப்பற்கள் உள்ளே போக இடம் வேண்டும். அந்த இடத்தை உண்டாக்க நான்கு வழிகள் உண்டு. பற்களின் பக்கங்களை மெல்லிய தாளால் தேய்ப்பதுபோல ஒரு சந்திப்புக்கு அரை மில்லிமீட்டர் வரை குறைப்பது எளியது. கீழ் முன்பல் ஒன்றை எடுப்பது இன்னொன்று. கீழ் முன்கடைவாய்ப் பற்கள் இரண்டை எடுப்பது அதைவிடப் பெரிய முடிவு. நான்காவது, இப்போது அதிகமாகக் கைக்கொள்ளப்படும் சிறு திருகாணி முறை. கீழ்க் கடைவாய்ப் பற்களுக்கு வெளிப்புறத்தில் உள்ள எலும்புத் திட்டில், மரத்துப்போக ஊசி போட்டு, 2 மில்லிமீட்டர் தடிமனும் 12 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட உலோகத் திருகாணியை முடுக்கி, அதிலிருந்து கீழ்வரிசை முழுவதையும் பின்னுக்கு இழுக்கிறோம். சில நிமிட வேலை, தையல் கிடையாது. இந்த முறைக்கு ஞானப் பல் இருந்தால் முன்பே எடுத்துவிட வேண்டும். பின்னுக்குப் போகும் வரிசைக்கு அதுதான் முட்டுக்கட்டை. இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் வரை பின்னுக்குப் போகும் என்று எதிர்பார்க்கலாம். திருகாணி சில சமயம் தளர்ந்துவிடும்; இடம் மாற்றிப் போடுவோம். நாக்கோ விரலோ அதைத் தொட்டு ஆட்டிக்கொண்டே இருந்தால் நிச்சயம் தளரும்.

மேல்தாடை குறுகலாகவும் இருந்தால், அண்ணத்தில் நான்கு திருகாணிகள் பிடிமானமாக வைத்து விரிக்கும் கருவி உண்டு. வயது கூடக் கூட அது பலிக்கும் வாய்ப்புக் குறையும்.

ரப்பரை மாட்டுவது

மறைப்புச் சிகிச்சையில் பாதி வேலை என் கையில், மீதி நோயாளியின் கையில். அந்த மீதி வேலைக்குக் கருவி, சுண்டுவிரல் நகத்தளவே உள்ள ரப்பர் வளையம். மேல் கடைவாய்ப் பல்லின் கொக்கியிலிருந்து கீழ்க் கோரைப் பல்லின் கொக்கி வரை குறுக்காக ஓடும் இந்த ரப்பர், மேல்வரிசையை முன்னுக்கும் கீழ்வரிசையைப் பின்னுக்கும் ஒரே நேரத்தில் இழுக்கிறது.

மாட்டும் முறையை மெதுவாகச் சொல்கிறேன். கையைக் கழுவிக்கொண்டு, வெளிச்சம் படும்படி கண்ணாடி முன் நில்லுங்கள். வலப்பக்கத்துக்கு வலக்கை. மருத்துவர் கொடுத்த பிளாஸ்டிக் கொக்கிக் குச்சியில் ரப்பரைத் தொங்கவிட்டு, வாயைப் பாதியளவே திறந்து, முதலில் பின்னாலுள்ள மேல் கடைவாய்க் கொக்கியில் மாட்டுங்கள். வாயை முழுதாகத் திறந்தால் கன்னம் இறுகிக் கொக்கியை மறைத்துவிடும். பாதி திறந்தால் கன்னம் தளர்ந்து விலகும். இடக்கை ஆள்காட்டி விரலால் அந்த முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, குச்சியை முன்னுக்கு இழுத்து, கீழ்க் கோரைப் பல்லின் கொக்கியைத் தாண்டிக் கொஞ்சம் கீழே கொண்டுபோய், மேலே விடுங்கள். ரப்பர் தானாகக் கொக்கியில் உட்காரும். முதல் நாள் ஒரு பக்கத்துக்கே கால்மணி நேரம் ஆகும், இரண்டு மூன்று ரப்பர் குழாயடியில் தெறித்துப் போகும். ஒரு வாரத்தில் வயல் வரப்பில் நடந்துகொண்டே கண்ணாடி இல்லாமல் மாட்டுவீர்கள்.

சாப்பிடவும் பல் துலக்கவும் தவிர மற்ற நேரமெல்லாம் ரப்பர் வாயில் இருக்க வேண்டும். எச்சிலில் ஊறும் ரப்பர் முதல் சில மணி நேரத்திலேயே இழுவிசையில் பெரும் பகுதியை இழந்துவிடும், ஆகவே அறுந்தாலும் அறாவிட்டாலும் காலையும் இரவும் புதிது மாட்டுங்கள். ஒருநாள் மறந்துவிட்டால் மறுநாள் இரட்டையாக மாட்டி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். இழுவிசை இரட்டிப்பானால் பல் இரட்டை வேகத்தில் நகராது, வேர் தேயும், பின்பற்கள் மேலெழும்பும். ஒரு பக்கம் மட்டும் மாட்டிக்கொண்டு தூங்கினால் நடுக்கோடு விலகும். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் அது கலக்காத ரப்பரைக் கேட்டு வாங்க வேண்டும். சட்டைப் பையில் ஒரு பாக்கெட், வண்டியில் ஒரு பாக்கெட் இருக்கட்டும்.

ஒழுங்காக மாட்டுகிறவர்களுக்கு, நான்காவது அல்லது ஐந்தாவது மாதத்தில் பல்லோடு பல் முட்டும் கட்டம் வரும். சாப்பிடும்போது முன்பற்கள் டக்டக்கென்று மோதும், வார்த்தைகள் குழறும். ‘முன்பு இருந்ததே தேவலை’ என்று சிகிச்சையை விட்டுவிடத் தோன்றுவது இந்தக் கட்டத்தில்தான். விடாதீர்கள். இன்னும் ஆறு முதல் பத்து வாரத்தில் மேல்பல் கீழ்ப்பல்லைத் தாண்டி வெளியே இறங்கும். தாண்டிய பிறகு கடி தன்னைத் தானே காத்துக்கொள்ளத் தொடங்கும். மேல்பல் கீழ்ப்பல்லை இரண்டு மில்லிமீட்டர் மூடிக்கொண்டால், கீழ்ப்பல் திரும்பி முன்னால் வருவதற்கு மேல்பல்லே தடுப்பாக நிற்கிறது.

சாப்பாடும் சுத்தமும்

முறுக்கு, சீடை, தட்டை, கடலை மிட்டாய், பனங்கிழங்கு ஆகியவை பிராக்கெட்டைப் பெயர்த்துவிடும். பொங்கலுக்குக் கரும்பு வேண்டுமென்றால் சாறு பிழிந்து குடியுங்கள். கடித்து உரித்தால் கம்பியோடு வரும். முதல் வாரம் குழைய வடித்த சோறு, இட்லி, இடியாப்பம், கீரை மசியல், பழைய சோறு என்று ஓட்டிவிடலாம். பிராக்கெட்டைச் சுற்றியுள்ள சிறு வளையங்களை நிறமற்றதாகக் கேட்காதீர்கள். இரண்டு சாம்பாரில் மஞ்சள் ஏறிவிடும். சாம்பல் நிறம் வாங்கினால் கறை தெரியாது.

ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் கம்பிக்கு மேலும் கீழும் தனித்தனியாகத் துலக்க வேண்டும், இடுக்குக்குச் சிறு குச்சித் தூரிகையைப் பயன்படுத்த வேண்டும். கீழ் முன்பற்களின் ஈறை மாதம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். ஒரு பல் மட்டும் மற்றவற்றைவிட நீளமாகத் தெரியத் தொடங்கினால், அடுத்த முறை வரைக்கும் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். எலும்பின் எல்லையை நெருங்கிவிட்டோம் என்பதற்கு அது முதல் அறிகுறி.

நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை வர வேண்டியிருக்கும். நடவும் அறுப்பும் நடக்கும் வாரங்களை முன்பே சொல்லிவிட்டால் அதற்கேற்ப நாள் கொடுக்கலாம். குறுவை அறுவடையில் இரண்டு மாதம் வராமல் போய், கம்பி கன்னத்தில் குத்திப் புண்ணோடு வந்தவர்கள் உண்டு. ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டுக்குள் ஒரு எக்ஸ்ரே எடுத்து வேர்கள் தேய்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்திருந்தால் இரண்டு மூன்று மாதம் இழுவிசையை நிறுத்தி ஓய்வு கொடுப்பது வழக்கம்.

நாதஸ்வரக் கலைஞர்களுக்குத் தனியாக ஒரு சொல். இந்த மண்ணில் அவர்கள் எங்களிடம் வருவது அதிசயமல்ல. எதிர்க்கடியோடே வாசித்துப் பழகியவருக்கு, சீவாளியைப் பிடிக்கும் உதட்டின் அழுத்தம் அந்தக் கடிக்கு ஏற்பவே அமைந்திருக்கும். முன்பற்கள் இடம் மாறும்போது சுருதி நிற்காது, உள்ளுதட்டில் பிராக்கெட் பதியும். ஆகவே முகூர்த்தங்கள் இல்லாத ஆடியிலோ மார்கழியிலோ பிராக்கெட்டை ஒட்டி, மெழுகை மேலே தடவிக்கொண்டு ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்தில் தொடங்கிச் சாதகத்தை மெல்லக் கூட்டச் சொல்கிறேன். பல்லோடு பல் முட்டும் கட்டம் கல்யாண மாதங்களில் விழாதபடி கணக்கிட்டுக்கொள்வதும் நல்லது. என்னிடம் வந்த கலைஞர் ஒருவர் சீவாளியையே கையில் கொண்டுவந்து, உதட்டில் வைத்து எங்கே அழுத்துகிறது என்று விரலால் காட்டினார். அந்த இடத்தில் பிராக்கெட்டின் கொக்கியை வெட்டி வழுவழுப்பாக்கிக் கொடுத்தோம்.

வெளிநாடு போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விசா ஆறு மாதத்தில் வந்துவிடும் என்றால் இப்போது தொடங்காதீர்கள். துபாயிலும் சிங்கப்பூரிலும் வேறொருவர் நடுவில் எடுத்துச் செய்வது அரிது, செய்தாலும் செலவு பல மடங்கு. தவிர்க்க முடியாமல் போக வேண்டியிருந்தால், முதல் நாள் எடுத்த எக்ஸ்ரே, புகைப்படம், திட்டக் குறிப்பு எல்லாவற்றின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை. கட்டணம் பேசும்போதும் திருகாணி, பெயர்ந்த பிராக்கெட், பற்கள் திரும்ப நகராமல் இருக்கக் கடைசியில் கொடுக்கும் ரிட்டெய்னர் எல்லாம் அதில் அடக்கமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்பி கழன்ற பிறகு

நகர்த்திய பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். கீழ் முன்பற்களின் பின்புறம் மெல்லிய கம்பி ஒன்றை நிரந்தரமாக ஒட்டி, மேலே கழற்றி மாட்டும் ரிட்டெய்னர் கொடுப்போம். முதல் ஆண்டு பெரும்பாலும் நாள் முழுவதும், பிறகு இரவில் மட்டும். இரவில் அணிவதை எப்போது நிறுத்தலாம் என்று கேட்டால், நிறுத்த வேண்டாம் என்பதே என் பதில். பின்புறக் கம்பி ஒரு பல்லில் மட்டும் விட்டுப்போனால் வலிக்காது, ஆனால் அந்த ஒரு பல் சத்தமில்லாமல் நகரும். வாரம் ஒருமுறை நாக்கால் ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பாருங்கள்.

ரிட்டெய்னர் தொலைவது பெரும்பாலும் கல்யாணப் பந்தியில்தான். சாப்பிடக் கழற்றி இலையோரம் வைத்துவிட்டு, பாயசம் முடிந்ததும் இலையை மடித்து எழுந்துவிடுவார்கள். கை கழுவி வந்து நினைவுக்கு வரும்போது இலை எச்சில் கூடைக்குப் போயிருக்கும். சிறு டப்பா ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். தொலைந்தே போனால் ஒரு வாரத்துக்குள் வந்து புதிது செய்துகொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து வந்தால் பழைய அச்சில் செய்த ரிட்டெய்னர் வாயில் உட்காராது.